எத்தனை பேர் பார்த்தார்கள்? 2023 ஹாலிவுட் வேலைநிறுத்தம் பற்றி ஒரு பதில்

கேட்கப்பட்ட கேள்வி இது: "2023-இல் ஹாலிவுட் எழுத்தாளர்களும் நடிகர்களும் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோடிகளில் சம்பாதிக்கிறவர்களுக்கு அப்படி என்ன குறை? ஏஐ வேலையைப் பறித்துவிடும் என்ற பயம்தானே காரணம்? கடைசியில் ஜெயித்தார்களா? ஜெயித்திருந்தால் இப்போது ஏன் அங்கே வேலையே இல்லை என்கிறார்கள்?"

முதலில் அந்தக் கோடிகளைப் பார்த்துவிடலாம். நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ராவில் சுமார் 1,60,000 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். சங்கத்தின் மருத்துவக் காப்பீட்டுக்குத் தகுதி பெற அப்போது ஓர் உறுப்பினர் வருடத்துக்கு 26,470 டாலர் சம்பாதித்திருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் வாடகைக்கு இது பெரிய தொகையே இல்லை. அந்த எல்லையைக்கூட எட்டாதவர்கள் சுமார் 86 சதவீதம் என்று சங்கமே சொன்னது. போஸ்டரில் முகம் வருகிற ஐம்பது பேரை வைத்து இந்தத் தொழிலைக் கணக்குப் போட்டால் எல்லாமே தப்பாகத்தான் வரும். நீதிமன்றக் காட்சியில் எழுத்தராக உட்கார்ந்திருப்பவர், டாக்டர் தொடரில் நான்கு வசனம் பேசும் நர்ஸ், மூன்றாவது எபிசோடில் மட்டும் வந்து போகும் பக்கத்து வீட்டுக்காரர் என்று இவர்கள்தான் அந்தச் சங்கம். எழுத்தாளர் சங்கமான ரைட்டர்ஸ் கில்டில் போராட்டத்தில் இறங்கியவர்கள் சுமார் 11,500 பேர். அவர்களிலும் பெரும்பாலோர் ஒரு தொடருக்கும் அடுத்த தொடருக்கும் நடுவில் வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள்தான்.

இவர்களை வேலை இல்லாத மாதங்களில் வாழவைத்தது ஒரு ஏற்பாடு. ஆங்கிலத்தில் அதை ரெசிட்யுவல் என்பார்கள். ஒருமுறை எழுதிய, நடித்த வேலை மறுபடி ஒளிபரப்பானால், வேறு வடிவத்தில் விற்கப்பட்டால், அதற்கு வரும் பங்குத்தொகை அது. நம் பக்கத்தில் பாட்டுக்கு வரும் ராயல்டியை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதுதான். இதைப் புரிந்துகொள்ளாமல் 2023 புரியாது, ஆகவே கொஞ்சம் பின்னால் போகிறேன்.

வானொலியின் தொடக்க காலத்தில் அமெரிக்க நாடகங்கள் பல நேரடியாகவே நடந்தன. கிழக்குக் கரைக்கு ஒருமுறை நடித்துவிட்டு, சில மணி நேரம் கழித்து மேற்குக் கரைக்கு அதையே இன்னொருமுறை நடிப்பார்கள். இரண்டு தடவை நடிப்பு, இரண்டு தடவை கூலி. பதிவு செய்து ஒளிபரப்பும் முறை வந்ததும் இரண்டாவது தடவைக்கு ஆளே தேவைப்படவில்லை. அதைவிட முக்கியமான இன்னொன்றும் நடந்தது. தொலைக்காட்சியில் மாலை எட்டு மணிக்குப் பழைய எபிசோடைப் போட்டால், அந்த இடத்தில் புது எபிசோட் எடுக்க வேண்டியதில்லை. அதாவது ஒரு நடிகர் போன வருடம் செய்த வேலையே இந்த வருடம் அவர் வயிற்றில் அடித்தது. ரெசிட்யுவல் என்ற எண்ணத்தின் வேர் இந்த நியாயத்தில்தான் இருக்கிறது. அதைச் சலுகையாக யாரும் கேட்கவில்லை. தொலைக்காட்சி மறு ஒளிபரப்புக்கு 1952-இல் நடிகர் சங்கம் முதல்முறையாக ஒரு தொகையை வாங்கியது. குறிப்பிட்ட தடவைகளுக்கு மட்டும்தான் அது. எத்தனை முறை போட்டாலும் பணம் உண்டு என்று ஆக 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நடுவில் 1960. எழுத்தாளர்களும் நடிகர்களும் ஒரே சமயத்தில் வேலையை நிறுத்திய வருடம். 2023-க்கு முன் அப்படி நடந்தது அந்த ஒரு தடவைதான். சினிமாப் படங்களைத் தொலைக்காட்சிக்கு விற்றால் எங்களுக்குப் பங்கு வேண்டும் என்பது கோரிக்கை. அப்போது நடிகர் சங்கத் தலைவராக இருந்தவர் பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்ட் ரீகன். ஆறு வாரத்தில் நடிகர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். 1960-இலிருந்து எடுக்கும் படங்களுக்குப் பங்கு உண்டு. அதற்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுப் படங்களுக்குத் தனித்தனிப் பங்கு கிடையாது, அதற்குப் பதிலாக 2.25 மில்லியன் டாலரை ஸ்டுடியோக்கள் ஓய்வூதிய, மருத்துவ நிதிக்குக் கொடுக்கும். பழைய படங்களில் நடித்த பலருக்கு இது கடைசிவரை ஆறவே இல்லை. ஆனால் இன்றைய நடிகர்களின் ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் அங்கேயிருந்துதான் தொடங்குகின்றன. எனக்கு இந்தப் பேரம் பிடித்த பேரம். நேற்றையதை விட்டுக்கொடுத்து நாளையதை வாங்கினார்கள்.

அப்புறம் வந்த வீடியோ கேசட்டில் அப்படி நடக்கவில்லை. எண்பதுகளில் கேசட் புதிது, தயாரிப்புச் செலவு அதிகம் என்று ஸ்டுடியோக்கள் சொன்னதை ஏற்று, விற்பனைத் தொகையில் 80 சதவீதத்தைக் கணக்கிலேயே சேர்க்காமல், மீதி 20 சதவீதத்தில் இருந்து மட்டும் பங்கு என்று ஒரு சூத்திரத்தை ஒத்துக்கொண்டார்கள். பிறகு டிவிடி வந்தது. தகடு தயாரிக்கும் செலவு சில்லறைக் காசுக்கு இறங்கியது. சூத்திரம் மட்டும் இறங்கவே இல்லை. கடையில் ஒரு டிவிடி விற்றால் எழுத்தாளருக்குச் சுமார் 4 சென்ட். 1988-இல் எழுத்தாளர்கள் ஐந்து மாதம் வேலையை நிறுத்தினார்கள், அப்போதும் அது மாறவில்லை. 2007 நவம்பரில் தொடங்கி நூறு நாள் நிறுத்தினார்கள், அப்போதும் மாறவில்லை. ஆனால் அந்தப் போராட்டத்தில் வேறொன்றை வாங்கினார்கள்: இணையத்துக்கென்று எடுக்கப்படும் படைப்புகளும் சங்க ஒப்பந்தத்துக்குள் வரும் என்ற வார்த்தை. அன்று இணையத்தில் ஓடியதெல்லாம் துண்டு துண்டு வீடியோக்கள். நெட்ஃபிளிக்ஸ் சொந்தத் தொடர்களை முழுவீச்சில் வெளியிடத் தொடங்கியது 2013-இல். அந்த நூறு நாள் நடந்திருக்காவிட்டால் இன்றைய ஓடிடி முழுவதும் சங்கத்துக்கு வெளியே போயிருக்கும்.

சரி, ஓடிடி சங்கத்துக்குள் வந்துவிட்டது. பிறகு என்ன பிரச்சினை?

எண்ண முடியவில்லை. அதுதான் பிரச்சினை. என் பார்வையில் 2023 போராட்டத்தின் நடு முடிச்சு இது ஒன்றுதான்.

பழைய தொலைக்காட்சியில் செவ்வாய்க்கிழமை இரவு ஒரு எபிசோட் மறுபடி ஓடினால் அது ஊருக்கே தெரியும். இரண்டாம் தடவைக்கு இவ்வளவு, மூன்றாம் தடவைக்கு இவ்வளவு என்று அட்டவணை இருந்தது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை நீல்சன் போன்ற வெளி நிறுவனம் சொல்லும். ஒரு தொடர் ஹிட்டானால் அதை ஊர் ஊராக இருக்கும் சேனல்கள் வாங்கும், பணமும் நடிகருக்கு, எழுத்தாளருக்கு வந்துகொண்டே இருக்கும். ஓடிடியில் "மறு ஒளிபரப்பு" என்று ஒன்றே கிடையாது. ஏற்றி வைத்தால் அது அங்கேயே இருக்கும். யார் எத்தனை மணிக்கு எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்பது கம்பெனிக்கு நொடி சுத்தமாகத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. ஆகவே பங்குத்தொகையைப் பார்வையோடு இணைக்காமல், அந்தத் தளத்துக்கு எத்தனை சந்தாதாரர்கள், தொடர் வெளியாகி எத்தனையாவது வருடம் என்ற இரண்டை மட்டும் வைத்து ஒரு நிலையான தொகையாக நிர்ணயித்தார்கள். வருடம் ஏற ஏற அது குறையும். உலகமே பார்த்த தொடருக்கும் ஒருவரும் தொடாத தொடருக்கும் ஒரே தொகை. வெற்றிக்கும் சம்பளத்துக்கும் இருந்த நூலை அறுத்துவிட்டார்கள்.

போராட்டம் நடந்துகொண்டிருந்தபோதே இதற்கு ஒரு நல்ல உதாரணம் கிடைத்தது. 2011 முதல் 2019 வரை ஒரு கேபிள் சேனலில் ஓடி முடிந்த வழக்கறிஞர் தொடர் 'சூட்ஸ்'. 2023 ஜூனில் அது அமெரிக்க நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. அந்த வருடம் அமெரிக்கர்கள் அதைப் பார்த்தது 57.7 பில்லியன் நிமிடம் என்று நீல்சன் கணக்குச் சொன்னது. ஒரு வருடத்தில் வேறு எந்தத் தொடரும் அதுவரை தொடாத உயரம். அதன் எழுத்தாளர்களில் ஒருவரான ஈதன் டிரோகன் அந்தக் கோடையில் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் தங்கள் கணக்கைச் சொன்னார்: தொடக்கத்தில் எழுதிய ஆறு பேருக்கும் சேர்த்து, 11 எபிசோடுகளுக்கு, இரண்டு தளங்களில் ஓடியதற்கு, ஒரு காலாண்டில் வந்தது 3,000 டாலருக்கும் குறைவு. ஆளுக்கு 500 டாலர் கூட இல்லை. ஏனென்றால் அங்கே பங்கு என்பது ஸ்டுடியோவும் தளமும் தங்களுக்குள் பேசிக்கொண்ட உரிமத் தொகையில் ஒரு சிறு விழுக்காடு. பார்த்தவர்கள் எண்ணிக்கை அந்தக் கணக்கில் நுழையவே நுழையாது.

நடிகர்கள் பலர் தங்களுக்கு வந்த காசோலைகளைப் படம் எடுத்துப் போட்டார்கள். சில சென்ட்களுக்குக் காசோலை. அதை அனுப்பிய தபால்தலையின் விலை அதைவிட அதிகம். இதெல்லாம் புதிதல்ல. லாஸ் ஏஞ்சலஸின் ஸ்டுடியோ சிட்டி பகுதியில் 'ரெசிட்யுவல்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு மதுக்கடை இருந்தது. ஒரு டாலருக்குக் குறைவான காசோலையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு கோப்பை இலவசம். ஆனால் அந்தக் காலத்தில் சில்லறைக் காசோலையோடு வேறு பெரிய காசோலைகளும் வரும். இப்போது சில்லறை மட்டும்தான் என்ற நிலை.

எழுத்தாளர்களுக்கு இதோடு இன்னொரு அடி. முன்பு ஒரு தொலைக்காட்சித் தொடர் என்றால் வருடத்துக்கு 22 எபிசோட். எழுத்தாளர்கள் ஒரு அறையில் உட்கார்ந்து மாதக்கணக்கில் எழுதுவார்கள், படப்பிடிப்புக்கும் போவார்கள். புதிதாகச் சேர்ந்த பையன் செட்டில் நின்று, எடுத்த காட்சி ஏன் தேறவில்லை என்று கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டு பத்து வருடத்தில் ஒரு தொடரையே நடத்துகிற ஆளாவான். ஓடிடி வந்த பிறகு 8 எபிசோட், 10 எபிசோட். அதற்கு 'மினி ரூம்' என்று ஒரு முறை. மூன்று நான்கு பேரைக் குறைந்தபட்சக் கூலிக்குச் சில வாரம் வைத்துக் கதையை எல்லாம் கறந்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். படப்பிடிப்பு நடக்கும்போது எழுதியவர் வேறெங்கோ வேலை தேடிக்கொண்டிருப்பார். குறைந்தபட்சக் கூலிக்கு வேலை செய்யும் தொடர் எழுத்தாளர்கள் பத்தாண்டு முன்பு மூன்றில் ஒரு பங்கு, இப்போது பாதி என்று சங்கத்தின் ஆய்வு சொன்னது. மூத்த எழுத்தாளர்களின் வாரச் சம்பளம் விலைவாசியோடு வைத்துப் பார்த்தால் அந்தப் பத்தாண்டில் 23 சதவீதம் இறங்கியிருந்தது. தொடர்கள் எண்ணிக்கையில் உச்சத்தில் இருந்த காலத்தில் நடந்த சரிவு இது. 2022-இல் மட்டும் அமெரிக்காவில் 599 தொடர்கள் வெளிவந்தன. வேலை பெருகப் பெருக வருமானம் சுருங்கியிருக்கிறது. வேலைநிறுத்தத்துக்கு அனுமதி கேட்டு நடந்த வாக்கெடுப்பில் 97.85 சதவீதம் பேர் சம்மதம் சொன்னதன் காரணம் இங்கே இருக்கிறது.

இப்போது ஏஐ. அது பொய்க் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தலைப்புச் செய்திகளில் இருந்த அளவுக்கு அது நடுவில் இல்லை. எழுத்தாளர்கள் பேச்சுவார்த்தை தொடங்கும்போது ஏஐ அவர்கள் பட்டியலில் இருந்த பல கோரிக்கைகளில் ஒன்று. இதைப்பற்றி வருடத்துக்கு ஒருமுறை கூடிப் பேசலாம் என்பதுதான் ஸ்டுடியோக்கள் சார்பில் பேசிய தயாரிப்பாளர் கூட்டமைப்பு தந்த பதில். அந்தப் பதில்தான் அதைப் பெரிதாக்கியது. நடிகர்கள் விஷயத்தில் அது இன்னும் கூர்மையானது. கூட்டத்தில் நிற்கும் துணை நடிகரை ஒருநாள் கூலி கொடுத்து ஸ்கேன் செய்து, அந்த உருவத்தைக் காலம் முழுக்கப் பயன்படுத்த ஸ்டுடியோக்கள் கேட்டன என்று சங்கத்தின் தலைமைப் பேச்சுவார்த்தையாளர் டங்கன் கிராப்ட்ரீ-அயர்லண்ட் ஜூலை 13 அன்று சொன்னார். கூட்டமைப்பு அதை மறுத்தது, நாங்கள் கேட்டது அந்த ஒரு படத்துக்கு மட்டும்தான் என்றது. எது எப்படியோ, கவனித்துப் பாருங்கள்: இங்கேயும் அதே பழைய கேள்விதான். ஒருமுறை செய்த வேலையை ஆயிரம் முறை பயன்படுத்தினால் அந்த ஆயிரத்தை எண்ணுகிறவர் யார், அதற்குக் காசு யாருக்கு. 1952-இல் மறு ஒளிபரப்பு, எண்பதுகளில் கேசட், 2013-க்குப் பிறகு ஓடிடி, இப்போது ஸ்கேன் செய்த உடம்பு.

எழுத்தாளர்கள் மே 2 அன்று இறங்கினார்கள், நடிகர்கள் ஜூலை 14 அன்று. முதல் மாதங்களில் ஸ்டுடியோக்களுக்கு அவசரமே இல்லை. படப்பிடிப்பு நின்றால் செலவும் நிற்கும். வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரிக்கு ஒரு காலாண்டில் மட்டும் சுமார் 100 மில்லியன் டாலர் அப்படி மிச்சமானது. வீட்டு வாடகை கட்ட முடியாமல் அவர்கள் வீட்டை இழக்கும்வரை இழுக்கட்டும் என்று பெயர் சொல்லாத ஒரு ஸ்டுடியோ அதிகாரி பேசியதாகத் தொழில் ஏடு ஒன்றில் வந்தது. டிஸ்னியின் பாப் ஐகர் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், இவர்களின் எதிர்பார்ப்பு நடைமுறைக்கு ஒத்துவராதது என்றார். அவருடைய பதவிக்கால ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்ட மறுநாள் அது. கொளுத்தும் ஜூலை வெயிலில் யுனிவர்சல் ஸ்டுடியோ வாசலில் மறியல் செய்தவர்களுக்கு நிழல் தந்துகொண்டிருந்த தெருமரங்களின் கிளைகள் வெட்டப்பட்டன. அவை மாநகராட்சி மரங்கள், அனுமதி வாங்கவில்லை. வழக்கமான பராமரிப்பு என்று நிறுவனம் சொன்னது. கடைசியில் 250 டாலர் அபராதம். இந்தச் செய்திகள் ஒவ்வொன்றும், அதுவரை தயங்கிக்கொண்டிருந்தவர்களையும் மறியலுக்கு இழுத்து வந்தன.

திருப்பம் செப்டம்பரில் வந்தது. கையிருப்பில் இருந்த தொடர்கள் தீர்ந்துகொண்டிருந்தன, நடிகர்கள் வராமல் படங்களை விளம்பரப்படுத்த முடியவில்லை, பெரிய படங்கள் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போயின, எம்மி விருது விழா ஜனவரிக்குப் போனது. முன்பு பணம் மிச்சம் என்ற அதே வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி இப்போது வருட லாபத்தில் 300 முதல் 500 மில்லியன் டாலர் அடிபடும் என்று முதலீட்டாளர்களிடம் சொல்ல வேண்டியதாயிற்று. டிஸ்னி, நெட்ஃபிளிக்ஸ், வார்னர், என்பிசி யுனிவர்சல் ஆகிய நான்கின் தலைவர்கள் நேராகப் பேச்சுவார்த்தை அறைக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஐந்தே நாளில் எழுத்தாளர் ஒப்பந்தம் முடிந்தது. 148 நாள். நடிகர்களுக்கு இன்னும் ஒரு சுற்று இழுபறி. சந்தாதாரர் ஒருவருக்கு வருடத்துக்கு 57 சென்ட் வரும்படியான ஒரு பங்கைக் கேட்டார்கள், அக்டோபரில் பேச்சு முறிந்தது, பிறகு அதைக் கைவிட்டு நவம்பர் 9-இல் முடித்துக்கொண்டார்கள். 118 நாள்.

ஜெயித்தார்களா? எழுத்தாளர் கணக்கு இது: அவர்கள் கேட்டதன் மதிப்பு வருடத்துக்கு 429 மில்லியன் டாலர். மே மாதம் ஸ்டுடியோக்கள் தருவதாகச் சொன்னது 86. கிடைத்தது 233. கேட்டதில் பாதிக்குச் சற்று மேல், கொடுப்பேன் என்றதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். எபிசோட் எண்ணிக்கைக்கு ஏற்ப அறையில் குறைந்தது இத்தனை எழுத்தாளர்கள் இருக்க வேண்டும் என்ற விதி வந்தது: ஆறு எபிசோட் வரை மூன்று பேர், ஏழிலிருந்து பன்னிரண்டு வரை ஐந்து பேர், அதற்கு மேல் ஆறு பேர். ஏஐ எழுதியது எதுவும் எழுத்தாளரின் பெயருக்கோ கூலிக்கோ குறுக்கே வர முடியாது. எழுத்தாளர் விரும்பி, கம்பெனியும் சம்மதித்தால் பயன்படுத்தலாம், கட்டாயப்படுத்த முடியாது. எழுத்தாளரிடம் கொடுக்கிற பிரதியில் ஏஐ கைவண்ணம் இருந்தால் கம்பெனி அதைச் சொல்லியாக வேண்டும். தங்கள் எழுத்தைக் கொண்டு ஏஐயைப் பயிற்றுவிப்பது மட்டும் தீரவில்லை. அதை எதிர்க்கும் உரிமையைச் சங்கம் தன்னிடம் வைத்துக்கொண்டதோடு சரி.

நடிகர்களுக்கு மூன்று வருடத்தில் ஒரு பில்லியன் டாலருக்கு மேல் மதிப்புள்ள ஒப்பந்தம், முதல் தவணையாக 7 சதவீத உயர்வு, உருவத்தை டிஜிட்டலாகப் பயன்படுத்த முன்சம்மதம். ஆனாலும் அதற்குக் கிடைத்த ஆதரவு 78 சதவீதம்தான், எழுத்தாளர் ஒப்பந்தத்துக்கு 99. ஏஐ பகுதியில் ஓட்டைகள் இருக்கின்றன என்று சங்கத்துக்குள்ளேயே உரக்கப் பேசினார்கள். முழுக்கக் கணினியில் பிறந்த, எந்த மனிதரின் நகலும் அல்லாத செயற்கை நடிகரை ஒப்பந்தம் தடை செய்யவில்லை என்ற அவர்கள் குறை நியாயமானது என்றுதான் எனக்கும் படுகிறது.

நான் மேலே சொன்ன முடிச்சு என்னவாயிற்று? கொஞ்சம் அவிழ்ந்தது. பெரிய பட்ஜெட் ஓடிடித் தொடரோ படமோ முதல் 90 நாளில் உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 சதவீதம் என்ற பார்வை அளவைத் தொட்டால் எழுத்தாளருக்கு நிலையான தொகையோடு இன்னொரு பாதி போனஸ். ஒரு மணி நேர எபிசோடுக்கு அது 16,415 டாலர். நடிகர்களுக்கும் அதே அளவுகோல், ஆனால் போனஸில் ஒரு பகுதி பொது நிதிக்குப் போய் மற்ற நடிகர்களுக்கும் பிரியும். 20 சதவீதம் என்பது உயரமான வேலி, வெகு சில தொடர்கள்தான் தாண்டும். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்த போனஸ் ஓடிடிக்கென்றே எடுக்கப்பட்டவற்றுக்கு மட்டும். போராட்டத்துக்கே முகமாக இருந்த 'சூட்ஸ்' மாதிரி, சேனலில் ஓடி முடிந்து ஓடிடிக்கு விற்கப்பட்ட தொடருக்கு இது கிடையாது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை.

ஆனால் போனஸ் தொகையைவிட அந்த ஒப்பந்தத்தில் நான் பெரிதாக மதிப்பது வேறு: எத்தனை மணி நேரம் பார்க்கப்பட்டது என்ற எண்ணிக்கையைக் கம்பெனிகள் சங்கத்திடம் தர வேண்டும். ரகசியம் காக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான். இருந்தாலும் பத்து வருடம் பூட்டியிருந்த பெட்டி அது. 1985-இல் கேசட் சூத்திரத்தை ஏற்றபோது எதிர்ப்பக்கம் சொன்ன செலவுக் கணக்கை நம்பித்தான் ஏற்றார்கள், இருபது வருடத்துக்கு மேல் அதற்கு விலை கொடுத்தார்கள். அடுத்த தடவை மேசையில் உட்காரும்போது சொந்தக் கையில் எண்கள் இருக்கும். 2023 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் தானாகவே 18,000-க்கும் மேற்பட்ட தலைப்புகளின் அரையாண்டுப் பார்வை மணிகளை வெளியிட்டது. போராட்டத்தால்தான் அது நடந்தது என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த வருடம் முழுக்க வாசலில் ஒலித்த கேள்வி அதுதான்.

இனி கடைசிக் கேள்வி, வேலை ஏன் இல்லை. போராட்டம்தான் தொழிலைக் கெடுத்தது என்று சொல்வது எளிது, நான் அப்படி நினைக்கவில்லை. 2022 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸ் 2 லட்சம் சந்தாதாரர்களை இழந்ததாக அறிவித்தது. மறுநாள் அதன் பங்கு விலை ஒரே நாளில் 35 சதவீதம் விழுந்தது. அதுவரை சந்தாதாரர் எண்ணிக்கை ஏறினால் போதும், நஷ்டம் பரவாயில்லை என்றிருந்த முதலீட்டாளர்கள் அன்றைக்கு லாபத்தைக் காட்டு என்றார்கள். மற்ற ஸ்டுடியோக்களும் அதே நெட்ஃபிளிக்ஸைப் பார்த்துக் கடன் வாங்கி ஓடிடி தொடங்கியவை. சுருக்கம் அன்றே தொடங்கிவிட்டது. 599 தொடர்கள் 2023-இல் 516 ஆனதற்குப் போராட்டமும் ஒரு காரணம், ஆனால் போராட்டம் முடிந்தபின்பும் பழைய அளவு திரும்பவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். 2024-இல் லாஸ் ஏஞ்சலஸில் படப்பிடிப்பு நாட்கள் முந்தைய வருடத்தைவிட 5.6 சதவீதம் குறைந்தன. கொரோனா வந்த 2020-ஐத் தவிர்த்தால் அதுதான் மிகக் குறைவு. வரிச்சலுகை தரும் மற்ற மாநிலங்களுக்கும் நாடுகளுக்கும் வேலை போகிறது. கலிஃபோர்னியா தன் வரிச்சலுகையை 2025-இல் 330 மில்லியனிலிருந்து 750 மில்லியன் டாலராக உயர்த்தியதே அதைத் தடுக்கத்தான்.

இதில் என்னைத் தொந்தரவு செய்கிற பகுதி, வாக்களிக்காமலே அடி வாங்கியவர்கள். லைட்மேன், தச்சர், ஒப்பனைக்காரர், சாப்பாடு போடுகிறவர் எல்லோரும் அந்த ஆறேழு மாதம் சேமிப்பைத் தின்றார்கள். அவர்களுக்குத் தனிப்பட்ட ரெசிட்யுவல் காசோலை வருவதில்லை, அந்தப் பங்கு அவர்கள் ஓய்வூதிய, மருத்துவ நிதிக்குப் போகிறது. 2024-இல் அவர்கள் சங்கம் வேலைநிறுத்தம் இல்லாமலே 7, 4, 3.5 சதவீத உயர்வை வாங்கியது. நடிகர்கள் போராடி வாங்கிய அதே வரிசை. அந்த வகையில் ஒரு பலன் போய்ச் சேர்ந்தது. ஆனால் இந்தியாவில் இருந்து வேலை செய்தவர்களுக்கு அதுவும் இல்லை. ஹாலிவுட் படங்களின் கிராபிக்ஸ் வேலையில் கணிசமான பகுதி பெங்களூரு, மும்பை, சென்னை, ஹைதராபாத் அலுவலகங்களில் நடக்கிறது. படப்பிடிப்பு நின்றால் சில மாதம் கழித்து இங்கே ஷாட் வருவது நிற்கும். கிராபிக்ஸ் வேலை செய்த டெக்னிகலர் நிறுவனம் 2025 பிப்ரவரியில் மூடப்பட்டபோது, எழுத்தாளர் போராட்டத்துக்குப் பிந்தைய வாடிக்கையாளர் நிலைமையையும் காரணங்களில் ஒன்றாக அதன் தலைவர் சொன்னார். பெங்களூருவில் அதன் பெரிய கிளையில் இருந்தவர்கள் ஒரே வாரத்தில் வேலையில்லாமல் நின்றார்கள். ஸ்டுடியோக்களோடு அவர்களுக்காகப் பேரம் பேச ஹாலிவுட்டில் இருப்பதுபோல ஒரு சங்கம் இல்லை.

நம் சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 2012 பதிப்புரிமைத் திருத்தத்தின்படி, ஒரு படத்தில் இடம்பெறும் எழுத்துக்கும் இசைக்கும், திரையரங்குக்கு வெளியே நடக்கும் பயன்பாட்டில் வரும் ராயல்டியை, சட்டப்படியான வாரிசுக்கோ அதை வசூலிக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர, எழுதியவர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்ததாக எழுதியிருந்தாலும் செல்லாது. பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் அதை வசூலிக்க அமைப்புகள் இருப்பதால் ஓரளவு பணம் வருகிறது. இங்கே ஓடிடித் தொடருக்குத் திரைக்கதை எழுதுகிறவர்கள் இந்தப் பிரிவை ஒருமுறை வக்கீலோடு உட்கார்ந்து படிப்பது நல்லது.

2023-இல் போட்ட இரண்டுமே மூன்று வருட ஒப்பந்தங்கள். எழுத்தாளர்களுடையது 2026 மே 1 வரை, நடிகர்களுடையது ஜூன் 30 வரை. அடுத்தடுத்து வரும் ஒப்பந்தங்களைப் பற்றிச் செய்தி படிக்கும்போது சம்பள உயர்வு எத்தனை சதவீதம் என்பதை முதலில் பார்க்காதீர்கள். அந்த 20 சதவீத வேலி எவ்வளவு இறங்கியிருக்கிறது, சேனலில் ஓடி முடிந்த பழைய தொடர்களும் அதற்குள் வந்தனவா, ஏஐ பயிற்சிக்கு ஒரு விலை பேசப்பட்டதா என்ற மூன்றைத் தேடிப் பாருங்கள்.